திருப்பூரின் அடுத்த கணக்கு: காற்று

திருப்பூரில் துணியை வெளுக்கவும் அதில் சாயம் ஏற்றவும் நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு விறகு வேண்டும். இந்தத் தேவைச் சங்கிலிதான் பின்னலாடை நகரத்தின் காற்றுக்கு ஒரு தனிக்குணத்தைக் கொடுக்கிறது. மற்ற நகரங்களில் காற்று மாசு என்றதும் வாகனப் புகையும் சாலைப் புழுதியும் முதலில் நினைவுக்கு வரும். திருப்பூரில் அவற்றோடு சாயப்பட்டறைகளின் புகைபோக்கிகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் ஆவியாக்கிகளும் நூற்பாலைகளின் பஞ்சுத் தூசியும் தெருமுனையில் எரியும் பனியன் வேஸ்ட்டும் சேர்ந்துகொள்கின்றன.

ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் இது. உள்நாட்டுச் சந்தைக்கான பனியன், ஜட்டி வியாபாரம் தனிக் கணக்கு. ஆர்டர் கூடும்போது பாய்லர் ஓடும் நேரம் கூடுகிறது, பாய்லர் ஓடும் நேரத்தோடு புகையும் கூடுகிறது. நாளைய காற்று எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு இங்கே வானிலையைப் பார்த்து மட்டும் பதில் சொல்ல முடியாது. உற்பத்தியின் காலண்டரையும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முன்கணிப்பு முறை கிடைத்தால், நொய்யல் ஆற்றின் விஷயத்தில் நடந்ததுபோல நீதிமன்றம் கதவைத் தட்டும்வரை காத்திருக்கத் தேவை இருக்காது.

நொய்யலில் இருந்து புகைபோக்கிக்கு

திருப்பூரின் மாசு வரலாறு தண்ணீரில் தொடங்குகிறது. 1980களிலும் 90களிலும் ஏற்றுமதி பெருகியபோது சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக அந்த ஆற்றில் 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயநீர்த் தேக்கமாக மாறியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனை 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவாக வந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. துணி வேறு ஊர்களுக்குச் சாயம் போடப் போனது. தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினார்கள்.

அதன் பிறகே ‘பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்றம்’ திருப்பூரின் அன்றாட நடைமுறை ஆனது. இன்று நாளொன்றுக்குச் சுமார் 13 கோடி லிட்டர் சாயக்கழிவு நீர் சுத்தம் செய்யப்பட்டு மறுபடி பட்டறைகளுக்கே போகிறது. உலகின் பல ஜவுளி மையங்கள் இன்னும் எட்டாத நிலை இது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை வெப்பமாக இருக்கிறது. சவ்வூடு வடிகட்டலில் பெரும்பகுதி நீர் திரும்பக் கிடைத்துவிடும். மிஞ்சுவது அடர்ந்த உப்புநீர். அதைப் பல அடுக்கு ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்துத்தான் தண்ணீரையும் உப்பையும் பிரிக்க முடிகிறது. முதல் அடுக்கில் எழும் ஆவி இரண்டாம் அடுக்கைச் சூடாக்கும், அங்கே எழுவது மூன்றாம் அடுக்கைச் சூடாக்கும். எரிபொருள் மிச்சமாகும்படி அமைந்த ஏற்பாடுதான் என்றாலும், முதல் அடுக்குக்கு நீராவி தர ஒரு பாய்லர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆற்றில் போன கழிவின் ஒரு பங்குச் சுமை, இப்படி விறகாகி, புகைபோக்கி வழியே வானத்துக்கு ஏறியது. தண்ணீரைக் காப்பாற்றியது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு ஊடகத்தில் மாசைத் தடுக்கும்போது அது எந்த ஊடகத்துக்கு இடம்பெயர்கிறது என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். திருப்பூரில் அந்தப் பக்கம் இன்னும் முழுதாக எழுதப்படவில்லை.

பாய்லர் வீட்டுக்குள்

சாயப்பட்டறையின் பாய்லர் வீட்டில் மாசு எப்போது பிறக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாசலில் சீமைக்கருவேல், வேம்பு, பலசாதிக் கட்டைகள் லாரி லாரியாக இறங்கிக் கிடக்கும். பாய்லர் ஆபரேட்டர் அடுப்புக் கதவைத் திறந்து கட்டைகளைத் தள்ளுகிறார். திறந்த கதவு வழியே குளிர்ந்த காற்று உள்ளே பாய்கிறது. நெருப்பின் சூடு சட்டென்று இறங்குகிறது. புதிய கட்டையில் இருக்கும் ஈரம் முதலில் ஆவியாக வேண்டும். அதுவரை கட்டை எரியாமல் புகைகிறது. அந்தச் சில நிமிடங்களில் புகைபோக்கியில் கரும்புகை எழும்பும். கட்டை தீப்பிடித்து உள்ளே சூடு நிலைத்ததும் புகை வெளுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துவிடும். அடுத்த லோடு தள்ளும்போது மறுபடி கருக்கும்.

அரைகுறையாக எரியும் விறகில் இருந்து வரும் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் சிறியவை. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இத்தனை சிறிய துகளை மூக்கும் தொண்டையும் தடுப்பதில்லை. அது நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கும், அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும். விறகில் கந்தகம் குறைவு என்பதால் கந்தக டை ஆக்சைடு அதிகம் வராது. இதை வைத்து விறகு சுத்தமான எரிபொருள் என்று சொல்லிவிட முடியாது. அதன் சிக்கல் கரியிலும் நுண்துகளிலும் இருக்கிறது.

காய்ந்த கட்டையில் ஈரம் சுமார் 20 சதவீதம். மழையில் நனைந்ததில் 40 சதவீதத்தையும் தாண்டும். விறகுக் கிடங்குக்குக் கூரை போடுவது, கட்டையைப் பிளந்து சீரான அளவில் ஊட்டுவது, காற்றுவரத்தைச் சரிப்படுத்துவது ஆகிய எளிய வேலைகளே கரும்புகை நேரத்தைக் கணிசமாகக் குறைக்கும். புகையைச் சுழற்றிப் பெரிய துகள்களைப் பிரிக்கும் சைக்ளோன் பல பாய்லர்களில் இருக்கிறது. நுண்துகளை அதனால் பிடிக்க முடியாது. அதற்குப் பை வடிகட்டியோ ஈரத் துப்புரவுக் கருவியோ வேண்டும். பை வடிகட்டி போட்ட இடத்திலும் அதைப் பராமரிக்காவிட்டால் பயன் இல்லை.

புகைபோக்கிக்கு வெளியே

விறகுப் புகையோடு வேறு பல மூலங்கள் சேர்கின்றன. காலையும் மாலையும் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி வேன்களும் இருசக்கர வாகனங்களும் சாலைகளை நிறைக்கின்றன. ஒரு டி-சர்ட் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், அயர்னிங் என்று பல இடங்களில் தயாராகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் துணி ஒரு டெம்போவில் பயணம் செய்கிறது. ஒரே கூரைக்குள் எல்லா வேலையும் நடக்கும் ஆலை நகரங்களில் இல்லாத இந்த உள்ளூர்ச் சரக்குப் போக்குவரத்து, ‘ஜாப் வொர்க்’ முறையின் விளைவு.

2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பி.எஸ்.6 தரம் நடைமுறைக்கு வந்ததால் புதிய வண்டிகளின் புகை குறைந்தது. பழைய டீசல் டெம்போக்கள் அதே தெருக்களில் தொடர்ந்து ஓடுகின்றன. 2017இல் பொலிவுறு நகரப் பட்டியலில் திருப்பூர் சேர்க்கப்பட்ட பிறகு நடந்த பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், சாலைப் பணிகளுக்காகத் தோண்டிய மண் தெருவோரங்களில் கிடந்து, டயர்பட்டுப் புழுதியாக எழுந்தது. இந்தப் புழுதி 10 மைக்ரான் வகைத் துகள். நுண்துகளைவிட வேகமாகத் தரையில் படியும், வண்டி போனால் மறுபடி எழும்.

மின்வெட்டுக் காலத்தில் நிலைமை வேறு. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்தில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாதபோது பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரிலேயே ஓடின. ஒவ்வொரு தெருவிலும் ஜெனரேட்டர் புகை. மின் விநியோகம் சீரானதும் அந்த மூலம் தானாகச் சுருங்கியது. மின்சாரத்தின் நம்பகத்தன்மையே ஒரு காற்று மாசுக் கட்டுப்பாடு என்பதைத் திருப்பூர் அனுபவத்தில் கண்டது.

குப்பை எரிப்பு இன்னொரு மூலம். கட்டிங் வேஸ்ட்டின் பெரும்பகுதி மறுசுழற்சிக்குப் போய்விடுகிறது. சாயமும் பாலியெஸ்டரும் கலந்த துண்டுகள், பாலித்தீன் கவர்கள், லேபிள் கழிவுகள் குப்பையோடு சேர்கின்றன. கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டப்படும் இந்தக் கலவை தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும். பருத்திப் புகையைவிடச் செயற்கை இழையின் புகை நச்சு மிகுந்தது. மாவட்டத்தின் சுற்றுவட்டாரமும் தன் பங்கைச் சேர்க்கிறது. பல்லடம் பகுதியில் கல் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன, காங்கேயம் பகுதியில் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கும் கூடங்கள் இருக்கின்றன. பல்லடம் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் இருந்து அம்மோனியா எழுகிறது. அம்மோனியா காற்றில் நைட்ரஜன் ஆக்சைடுகளுடனும் கந்தக டை ஆக்சைடுடனும் வினைபுரிந்து புதிய நுண்துகள்களை உருவாக்கும். எந்தப் புகைபோக்கியில் இருந்தும் நேரடியாக வராத துகள் இது. புகைபோக்கிகளை மட்டும் எண்ணினால் இது கணக்கில் வராது.

ஆலைக்குள் இருக்கும் காற்று

நகரக் காற்றைப் பற்றிப் பேசும்போது ஆலைக்குள் சுவாசிக்கும் காற்றைத் தனியே பிரிக்க முடியாது. நூற்பாலைத் தொழிலாளி விழித்திருக்கும் நேரத்தில் பாதியை அங்கேதான் கழிக்கிறார். பஞ்சைப் பிரிக்கும் புளோரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் தூசி ‘பிஸினோசிஸ்’ என்ற நுரையீரல் நோய்க்குக் காரணம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமும் மூச்சுத்திணறலும் அதிகமாக இருப்பது இதன் தொடக்க அடையாளம். நாள்கள் போகப் போக அறிகுறி தணிவதால் பலர் அதைச் சளி என்று விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலின் திறன் நிரந்தரமாகக் குறையும். நிட்டிங் கூடங்களிலும் செக்கிங் மேசைகளிலும் பறக்கும் பிசிர் இதைவிடக் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. வெளிக்காற்றும் உள்காற்றும் ஒரே நுரையீரலுக்குள்தான் போகின்றன.

2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. இந்தியாவில் 2019இல் மட்டும் 16.7 லட்சம் மரணங்களுக்குக் காற்று மாசு காரணம் என்று ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய் என்ற பெயர்களில் இறந்தவர்கள். இறப்புச் சான்றிதழில் காற்றின் பெயர் வராது.

எந்த அளவுகோலால் அளப்பது

இந்தியாவின் தேசியக் காற்றுத் தர அளவுகள் 2009இல் அறிவிக்கப்பட்டவை. 2.5 மைக்ரான் துகளுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டி அளவுகளைத் திருத்தி ஆண்டுச் சராசரியை 5 என்றும் 24 மணி நேரத்துக்கு 15 என்றும் இறக்கியது. 10 மைக்ரான் துகளுக்கு இந்தியாவின் ஆண்டு அளவு 60, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 15.

பொதுமக்கள் பார்ப்பது காற்றுத் தரக் குறியீட்டை. 2015 ஏப்ரலில் அறிமுகமான இந்தக் குறியீடு எட்டு மாசுகளைக் கணக்கில் கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எண் கணக்கிட்டு, அவற்றில் எது அதிகமோ அதையே ஊரின் குறியீடாக அறிவிக்கிறது. 50 வரை ‘நன்று’, 100 வரை ‘திருப்தி’, 200 வரை ‘மிதம்’, 300 வரை ‘மோசம்’, 400 வரை ‘மிக மோசம்’, அதற்கு மேல் ‘தீவிரம்’.

கணக்கு போட்டுப் பார்த்தால் இந்தச் சொற்களுக்குப் பின்னால் இருப்பது புரியும். ஒரு நாளின் 2.5 மைக்ரான் துகள் சராசரி 45 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியக் குறியீட்டில் அது சுமார் 75, அதாவது ‘திருப்தி’. உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர வழிகாட்டி அளவில் அதே 45 மூன்று மடங்கு. டெல்லியைப் போலத் ‘தீவிரம்’ பட்டியலில் பெயர் வராத தென்னிந்திய நகரங்கள் பலவற்றுக்கு உள்ள ஆபத்து இது. பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதி ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் பாய்லர் ஆபரேட்டருக்கும் பொருந்தாது.

அளவீட்டிலும் இரண்டு வகை உண்டு. கையால் மாதிரி எடுக்கும் நிலையங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 104 நாள் அளக்கின்றன. நீண்ட காலப் போக்கை அறிய இது உதவும், அதிகாலையில் என்ன நடந்தது என்பதை அறிய உதவாது. தொடர் கண்காணிப்பு நிலையங்கள் நாள் முழுவதும் அளந்து உடனுக்குடன் இணையத்தில் ஏற்றுகின்றன. திருப்பூரில் குமரன் கல்லூரியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அத்தகைய நிலையம் இருக்கிறது. ஒரு கல்லூரி வளாகத்தின் காற்றை வைத்து, சாயப்பட்டறைகள் நெருங்கிய தெருவின் காற்றையோ பல்லடம் குவாரி ஓரத்துக் காற்றையோ சொல்லிவிட முடியாது. முன்கணிப்புக்கு முதல் தேவை, மாசு பிறக்கும் இடங்களிலும் மக்கள் நெருங்கி வாழும் இடங்களிலும் பரவலான அளவீடு.

கணவாய்க் காற்றும் தை மாதப் பனியும்

திருப்பூரின் காற்றைத் தீர்மானிக்கும் பெரிய சக்தி, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஓர் இடைவெளி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். ஆனியிலும் ஆடியிலும் அடிக்கும் இந்தக் காற்று புகையை நிற்கவிடாமல் அடித்துச் செல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை துகள்களைக் கழுவி இறக்குகிறது.

இரண்டு பருவமும் ஓய்ந்த மார்கழி, தை, மாசி மாதங்களில் சிக்கல் தொடங்குகிறது. காற்று தளர்கிறது, மழை இல்லை. இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே தங்க, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று பரவி நிற்கிறது. பானைக்கு மூடி போட்டதுபோல, கீழே எழும் புகை மேலே போக முடியாமல் தேங்குகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி உடைந்து புகை கலைகிறது.

இதை எண்ணாகவும் சொல்லலாம். காற்று கலக்கும் உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ‘காற்றோட்டக் கெழு’ கிடைக்கும். பிற்பகலில் கலக்கும் உயரம் 1,500 மீட்டர், வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால் கெழு 6,000. மறுநாள் அதிகாலையில் உயரம் 300 மீட்டர், வேகம் 1 மீட்டர் என்றால் கெழு 300. அதே பாய்லர், அதே விறகு, அதே புகை. ஆனால் அதைக் கரைக்கக் கிடைக்கும் காற்று இருபதில் ஒரு பங்கு. மாசு எவ்வளவு வெளியேறுகிறது என்பதோடு எந்த மணி நேரத்தில் வெளியேறுகிறது என்பதும் முக்கியமாவது இதனால்தான்.

முன்கணிப்பு எப்படி நடக்கிறது

காற்றுத் தர முன்கணிப்பில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, நேற்று இருந்ததே இன்றும் இருக்கும் என்று கொள்வது. வானிலை மாறாத நாள்களில் இது வியக்கத்தக்க அளவு சரியாக இருக்கும். மாறும் நாளில், அதாவது எச்சரிக்கை தேவைப்படும் நாளில், கைவிடும். மற்ற முறைகள் இதைவிடச் சிறந்தவையா என்று சோதிக்கும் அடிப்படை அளவுகோலாக இது பயன்படுகிறது.

இரண்டாவது, புள்ளியியல் முறை. கடந்த சில ஆண்டுகளின் அளவீடு, வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், திசை, வாரநாள், பண்டிகை நாள் ஆகியவற்றைக் கணினிக்குக் கற்பித்து, அவற்றின் தொடர்பில் இருந்து நாளைய அளவைக் கணிக்கிறார்கள். இயந்திரக் கற்றல் வந்த பிறகு இந்த முறை வேகமாக வளர்ந்திருக்கிறது. செலவு குறைவு, ஒரு நிலையத்தின் தரவு இருந்தாலே தொடங்கலாம். இதுவரை காணாத நிலைமை வந்தால் தடுமாறும். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, பழைய தரவில் பயின்ற எந்தக் கணிப்பும் திடீரெனத் தெளிந்த காற்றை எதிர்பார்த்திருக்க முடியாது.

மூன்றாவது, வளிமண்டல வேதியியல் மாதிரி. நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு புகை வெளியேறுகிறது, காற்று அதை எங்கே கொண்டு போகிறது, வழியில் என்ன வேதிவினை நடக்கிறது, எவ்வளவு தரையில் படிகிறது என்று மணிக்கு மணி கணக்கிடுவது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டிகளின்போது ‘சஃபர்’ என்ற முன்கணிப்பு முறையைத் தொடங்கியது. பின்னர் புனே, மும்பை, அகமதாபாத்துக்கு அது விரிந்தது. 2018 அக்டோபரில் டெல்லிக்கான காற்றுத் தர முன்னெச்சரிக்கை அமைப்பு வந்தது. பின்லாந்து வானிலை நிறுவனத்தின் ‘சிலாம்’ மாதிரியை இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுமைக்கும் இயக்குகிறது. ஐரோப்பாவின் கோபர்நிகஸ் சேவை உலகம் முழுவதற்கும் ஐந்து நாள் கணிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. 2017இல் ஏவப்பட்ட ‘சென்டினல்-5பி’ செயற்கைக்கோள் நைட்ரஜன் டை ஆக்சைடை வானில் இருந்தே அளக்கிறது.

கணிப்பு நடவடிக்கையாக மாறும்போதுதான் பயன் தரும். 2015 டிசம்பரில் பெய்ஜிங், மாசு உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே தன் முதல் சிவப்பு எச்சரிக்கையை அறிவித்து வாகனங்களைப் பாதியாகக் குறைத்தது. டெல்லியில் 2017இல் வந்த படிநிலை நடவடிக்கைத் திட்டம் தொடக்கத்தில் மாசு ஏறிய பிறகே செயல்பட்டது. 2022இல் அது திருத்தப்பட்டு, கணிப்பை வைத்து மூன்று நாள் முன்பே தடைகளைக் கொண்டுவரும் முறை வந்தது.

திருப்பூருக்கு ஏற்ற கணிப்பு

உலக மாதிரிகளின் ஒரு கட்டம் பல பத்துக் கிலோமீட்டர் அகலம். அந்தக் கட்டத்துக்குள் அவிநாசியும் திருப்பூரும் பல்லடமும் ஒன்றாகக் கரைந்துபோகும். உள்ளூர்க் கணிப்புக்கு உள்ளூர் உமிழ்வுக் கணக்கெடுப்பு வேண்டும். எந்தப் பட்டறையில் எத்தனை டன் பாய்லர், என்ன எரிபொருள், எத்தனை மணி நேர ஓட்டம், புகைபோக்கியின் உயரம் என்ன, வடிகட்டி என்ன என்ற விவரம் இல்லாமல் மாதிரி வெறும் வானிலையைத்தான் கணிக்கும். இயக்க இசைவுக்காகப் பட்டறைகள் வாரியத்திடம் தரும் விவரங்களில் இவற்றில் பல ஏற்கெனவே உண்டு. அவற்றை வரைபடத்தில் ஏற்றுவதுதான் முதல் வேலை.

அடுத்தது தொழிலின் காலண்டர். தீபாவளிக்கு முன் உள்நாட்டு உற்பத்தி உச்சத்தில் இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர்கள் ஊருக்குப் போனதும் பாய்லர்கள் அணைகின்றன. ஐரோப்பிய, அமெரிக்கக் கோடைக்கால ஆர்டர்களுக்கான ஓட்டம் குளிர் மாதங்களில் வேகம் பிடிக்கிறது. காற்றோட்டம் மிகக் குறைந்த அதே மாதங்களில் உற்பத்தியும் கூடுகிறது என்பதே திருப்பூர்க் கணிப்பின் மையப் புள்ளி. பண்டிகை விடுமுறைகள் இயற்கையான சோதனைக் காலமும் ஆகின்றன. பாய்லர் அணைந்த நாள்களின் காற்றை, அதே வானிலையுள்ள வேலை நாள்களோடு ஒப்பிட்டால் தொழிலின் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

கணிப்பின் தரத்தையும் வெளிப்படையாகச் சோதிக்க வேண்டும். மோசமான பத்து நாள்களில் எத்தனை நாளை முன்கூட்டியே சொன்னது, எத்தனை முறை வீணாக எச்சரித்தது என்ற இரண்டு எண்களும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். வீண் எச்சரிக்கை மிகுந்தால் பட்டறைக்காரர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எச்சரிக்கை தவறினால் மக்கள் நம்பிக்கை போகும்.

நம்பத்தக்க கணிப்பு கிடைத்தால் செய்யக்கூடியவை பல. காற்றோட்டம் குறையும் அதிகாலைகளில் பாய்லர் குழாய்க் கரியைத் தட்டி வெளியேற்றும் வேலையைப் பிற்பகலுக்கு மாற்றலாம். உப்புநீர்த் தொட்டியில் இடம் இருந்தால் ஆவியாக்கியின் ஓட்டத்தை நண்பகலுக்குத் தள்ளலாம். காய்ந்த விறகை அத்தகைய நாள்களுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். பள்ளிகளின் காலை விளையாட்டு நேரத்தை மாற்றலாம். மாநகராட்சி சாலைகளில் தண்ணீர் தெளிக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கலாம். குப்பை எரிப்பைத் தடுக்கக் கூடுதல் ரோந்து போகலாம். கம்பெனியை மூடச் சொல்வதைவிட இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

வரும் ஆண்டுகளின் போக்கு

நீண்ட காலக் கணிப்பு ஆர்டர், எரிபொருள், வானிலை ஆகிய மூன்றையும் சார்ந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் ஏற்றுமதியைக் கூட்டும் திசையில் தள்ளுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி எதிர்த்திசையில் தள்ளியது. ஆர்டர் குறைந்ததால் காற்று சுத்தமானால் அது வெற்றி ஆகாது, ஊரே பட்டினி கிடக்கும். ஒரு கிலோ துணிக்கு எரியும் விறகும், ஒரு கிலோ விறகுக்கு எழும் புகையும் குறைந்துகொண்டே போகிறதா என்பதே கவனிக்க வேண்டிய கணக்கு.

எரிபொருளில் மாற்று வழிகள் உண்டு. ஆவியைச் சுருக்கி அதன் வெப்பத்தையே மறுபடி பயன்படுத்தும் இயந்திர ஆவியாக்கிகள் விறகுக்குப் பதில் மின்சாரத்தில் ஓடும். அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில் நடைமுறைக்கு வந்ததுபோல, உப்புநீரையே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தினால் ஆவியாக்கவேண்டிய அளவே குறையும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் சாய இயந்திரங்கள் நீராவியையும் மிச்சப்படுத்தும். திருப்பூர்த் தொழிலதிபர்கள் பலர் காற்றாலை வைத்திருக்கிறார்கள். ஆனால் காற்றாலை மின்சாரம் மே முதல் செப்டம்பர் வரை கொட்டும்போது காற்று ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறது. மாசு தேங்கும் தை, மாசியில் காற்றாலையும் ஓய்ந்திருக்கும். அந்த மாதங்களில் தெளிந்த வெயில் கிடைப்பதால், சூரிய மின்சாரமே பொருத்தமான துணை.

கட்டுப்பாட்டில் திருப்பூர் உற்றுப் பார்க்க வேண்டிய ஊர் சூரத். அங்கும் ஜவுளி ஆலைகள் நீராவிக்காக நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் எரிக்கின்றன. 2019இல் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 300க்கும் மேற்பட்ட ஆலைகளின் புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவி பொருத்தி, அவற்றில் ஒரு பகுதி ஆலைகளின் மொத்தத் துகள் உமிழ்வுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. வரம்புக்குள் நிற்பவர் தன் மிச்சத்தை விற்கலாம், தாண்டுபவர் வாங்க வேண்டும். துகள் மாசுக்கான உலகின் முதல் உமிழ்வுச் சந்தை என்று இது சொல்லப்படுகிறது. இதில் சேர்ந்த ஆலைகளின் உமிழ்வு 20 முதல் 30 சதவீதம் குறைந்ததை ஆய்வு காட்டியது. பட்டறைகள் நெருங்கியிருக்கும் திருப்பூருக்கு இந்த முறை இயல்பாகப் பொருந்தும். கழிவுநீருக்காகக் கூட்டாகச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தி, அளந்து, செலவைப் பங்கிட்டுப் பழகிய ஊருக்குக் கூட்டுப் பொறுப்பு புதிதல்ல.

தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. அதன் கீழ் வந்த 131 நகரங்களில் தமிழகத்தில் இருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு மட்டுமே உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருப்பூர் நகரத் திரளின் மக்கள்தொகை ஒன்பதரை லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. பட்டியலில் சேர ஒரு வழியான பத்து லட்சம் என்ற கோட்டுக்கு அருகில் நின்ற நகரம், அதன் பிறகு வந்து குடியேறிய வெளிமாவட்ட, வெளிமாநிலத் தொழிலாளர்களால் இன்னும் பெருத்திருக்கிறது. பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருக்கத் தேவை இல்லை. உமிழ்வுக் கணக்கெடுப்பு, பரவலான அளவீடு, மூன்று நாள் முன்கணிப்பு, அதோடு இணைந்த நடவடிக்கைப் பட்டியல் என்ற நான்கையும் மாநில வாரியமும் மாநகராட்சியும் ஏற்றுமதியாளர், சாய ஆலைச் சங்கங்களும் சேர்ந்தே தொடங்க முடியும்.

தண்ணீர் விஷயத்தில் சேதம் முதலில் வந்தது, அளவீடு பின்னால் வந்தது, தீர்வு எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. அந்த வரிசைக்கான விலையை விவசாயியும் தொழிலாளியும் தொழிலதிபரும் சேர்ந்தே கொடுத்தார்கள். காற்றில் அந்த வரிசையை மாற்றும் வாய்ப்பு இருக்கிறது. இன்று அளந்து, நாளையைக் கணித்து, சேதம் நேரும் முன்பே விறகையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளத் தேவையான அறிவியலும் கருவியும் கைக்கு எட்டும் விலையில் வந்துவிட்டன.